இளம் டரான்டுலா ஆணா, பெண்ணா? உரித்த சட்டையைக் கொண்டு கண்டறியும் முழுமையான வழிகாட்டி

டரான்டுலா எனும் பெரிய, மயிரடர்ந்த சிலந்தியை வளர்ப்பவருக்குத் தன்னிடம் உள்ள குஞ்சு ஆணா பெண்ணா என்பது வெறும் ஆர்வத்தால் எழும் கேள்வி அன்று. மெக்சிகோவின் பசிபிக் கரையோரப் பகுதியைச் சேர்ந்த சிவப்பு முழங்கால் டரான்டுலாவை, அதாவது பிராக்கிபெல்மா ஹமோரியை எடுத்துக்கொள்வோம். நல்ல பராமரிப்பில் அதன் பெண் 20 ஆண்டுகளையும் தாண்டி வாழக்கூடியது. ஆண் முதிர்ச்சியடையச் சில ஆண்டுகள் ஆகும். முதிர்ந்த பிறகு அது பல மாதங்கள், அதிகம் போனால் ஓரிரு ஆண்டுகள் மட்டுமே உயிரோடிருக்கும். ஒரே விலை கொடுத்து, ஒரே நாளில், ஒரே முட்டைப்பையிலிருந்து வந்த இரண்டு குஞ்சுகளை வாங்கியவர், ஒன்றுடன் கால் நூற்றாண்டையும் மற்றொன்றுடன் சில ஆண்டுகளையும் கழிக்க நேரிடலாம். பெண் என உறுதி செய்யப்பட்ட சிலந்திக்கு விற்பனையாளர்கள் கூடுதல் விலை கேட்பதற்கும் காரணம் இதுவே.

குஞ்சுப் பருவத்தில் ஆணும் பெண்ணும் வெளித்தோற்றத்தில் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். உறுதியான விடை தரும் வழி ஒன்றுதான்: சிலந்தி உரித்துப் போட்ட சட்டையின் உட்புறத்தைப் பார்ப்பது. மற்ற முறைகள் எல்லாம் ஊகத்துக்கு உதவுபவை. அவற்றையும் கீழே விளக்கியிருக்கிறேன் என்றாலும், சட்டையைப் பார்க்காமல் "நிச்சயம் பெண்" என்று யாராவது சொன்னால் அதை ஓர் ஊகமாக மட்டுமே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

சட்டைக்குள் விடை இருப்பது எதனால்?

சிலந்தியின் உடலை மூடியிருப்பது கைட்டின் கலந்த ஒரு கடினமான புறக்கூடு. அது உடலோடு சேர்ந்து வளராததால், வளர வேண்டுமானால் சிலந்தி அதைக் கழற்றிப் போட்டாக வேண்டும். உடலின் மேற்பரப்பு மட்டுமே உரிகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி மடிந்து உருவான சில உள்ளுறுப்புகளின் மேலுறையும் கூடவே உரிந்து வந்துவிடும். ஏடுகள் அடுக்கியது போன்ற மூச்சுறுப்புகளான புத்தக நுரையீரல்களின் உறை அவ்வாறு வரும்; உணவை உறிஞ்சும் இரைப்பையின் உறையும் வரும்; பெண்ணாக இருந்தால் விந்து கொள்பையின் உறையும் வரும்.

விந்து கொள்பை என்பது, ஸ்பெர்மதீகா என்று வளர்ப்பாளர்கள் சொல்வது, இணைசேர்ந்த பிறகு ஆணின் விந்தணுக்களைப் பெண் பல மாதங்கள் சேமித்து வைக்கும் உறுப்பு. இணைசேர்ந்த பெண் முட்டையிடுவதற்கு முன் சட்டை உரித்துவிட்டால், சேமித்த விந்தும் சட்டையோடு போய்விடும். மீண்டும் இணைசேர்ந்தால்தான் அதன் முட்டைகள் கருவுறும். இனப்பெருக்கம் செய்பவர்களுக்கு இது பெரிய இழப்பு. பாலினம் அறிய விரும்புபவருக்கோ இதுவே வாய்ப்பு. உயிருள்ள சிலந்தியைத் தொடாமலே அதன் உள்ளுறுப்பு ஒன்றின் அச்சு அவர் கைக்கு வந்து சேர்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கையில் கிடைக்கும் சட்டை, சிலந்தியின் முந்தைய பருவத்துக்கு உரியது. சட்டையை உரித்துவிட்டு வந்த சிலந்தி அதைவிடப் பெரியதாக இருக்கும். ஆகவே "என் சிலந்தி 5 செ.மீ. இருக்கிறது, ஆனாலும் ஒன்றும் தெரியவில்லையே" என்று குழம்புபவர், சிலந்தியை அன்றி, அந்தச் சட்டைக்குரிய உடல் எவ்வளவு இருந்தது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

எந்த அளவில் தொடங்கலாம்?

கால் விரிவு என்பது ஒரு பக்க முன்கால் நுனியிலிருந்து எதிர்ப்பக்கப் பின்கால் நுனி வரையிலான மூலைவிட்ட நீளம். நடுத்தர அளவுக்கு வளரும் பிராக்கிபெல்மா போன்ற இனங்களில், கால் விரிவு 4 முதல் 5 செ.மீ. இருக்கும்போது நல்ல உருப்பெருக்கியின் உதவியுடன் விந்து கொள்பையைக் காண இயலும். 7 அல்லது 8 செ.மீ. ஆனபின், பழகிய கண்ணுக்கு உருப்பெருக்கியே தேவைப்படாது. நுண்ணோக்கி வைத்திருப்பவர்கள் 3 செ.மீ. அளவிலேயே பெண்ணை அடையாளம் காண்பது உண்டு. ஆனால் அந்த அளவில் "இருக்கிறது" என்ற விடையை நம்பலாம்; "இல்லை" என்ற விடையை நம்பக் கூடாது. முதிர்ந்தும் சிறிதாகவே இருக்கும் குள்ள இனங்களில் விந்து கொள்பையும் அதற்கேற்பச் சிறிதாகவே இருக்கும் என்பதால், அவற்றுக்கு இந்த அளவுகள் அப்படியே பொருந்தா.

ஹமோரி மெதுவாக வளரும் இனம். குஞ்சு 5 செ.மீ. அளவை எட்டுவதற்கே இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகக்கூடும். அதுவரை பொறுமையாக இருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. குஞ்சைப் பிடித்துக் கவிழ்த்து ஆராய்வதால் அதற்குக் காயம் ஏற்படலாமே தவிர விடை கிடைக்காது.

முதற்படி: சட்டை உரிக்கும் காலத்தை அறிதல்

உரிப்புக்கு முன் சிலந்தி உணவை மறுக்கும், மந்தமாகும், சில நேரம் வளையின் வாயை மண்ணாலோ நூலாலோ அடைத்துக்கொள்ளும். வயிற்றின் மேல் அரிப்பு மயிர்கள் உதிர்ந்த வழுக்கைப் பகுதி இருந்தால், அங்கே தோல் கறுத்துப் பளபளப்பது மிகத் தெளிவான அறிகுறி. உள்ளே உருவாகிவிட்ட புதிய மயிர்களே அந்தக் கருமையாகத் தெரிகின்றன. இந்த நிலையில் உயிருள்ள இரையைக் கூண்டில் விட்டு வைக்கக் கூடாது. உரிக்கும்போது சிலந்தியால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாது. ஒரு சிள்வண்டு கூட அதைக் கடித்துக் கொன்றுவிடும். குடிநீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

பெரும்பாலான டரான்டுலாக்கள் மல்லாந்து படுத்தே உரிக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துச் சிலந்தி இறந்துவிட்டதாக எண்ணித் தொட்டுப் பார்ப்பதுண்டு. அதைத் தவிர்க்க வேண்டும். இறக்கும் டரான்டுலா பெரும்பாலும் கவிழ்ந்த நிலையில் கால்களை உடலுக்கு அடியில் சுருட்டிக்கொள்ளும். மல்லாந்து கிடப்பது அநேகமாக உரிப்புதான். சிறிய குஞ்சுக்கு உரிப்பு ஒரு மணி நேரத்துக்குள் முடியலாம். பெரியவற்றுக்குப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் கூண்டை அசைக்கக் கூடாது.

இரண்டாம் படி: சட்டையை எடுத்தல்

சிலந்தி புரண்டு எழுந்து, சட்டையை விட்டுச் சற்று விலகிய பிறகே அதை எடுக்க வேண்டும். உரித்தவுடன் சிலந்தியின் உடல் மிக மென்மையாக இருக்கும்; நச்சுப் பற்கள் வெளிறியிருந்து, சிவந்து, பிறகுதான் கறுக்கும். அந்த வேளையில் இடுக்கி உடலில் பட்டாலே காயம் ஏற்படும். மறுபுறம், அதிகம் தாமதிக்கவும் முடியாது. சில சிலந்திகள் சட்டையைக் கடித்துச் சுருட்டி மூலையில் தள்ளிவிடும். குஞ்சுகள் அதைப் பட்டாணி அளவு உருண்டையாக்கி நூலால் சுற்றி வைப்பதும் உண்டு. ஈரமான கூண்டில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி விலகியதும், முடிந்தால் அன்றே, நீண்ட இடுக்கியால் கால் பகுதியைப் பற்றி எடுப்பது நல்லது. வயிற்றுப் பகுதியை இடுக்கியால் தொடவே கூடாது. நமக்கு வேண்டிய விடை அங்கேதான் இருக்கிறது. கிழிவதும் அதுவே முதலில்.

கையுறை கட்டாயம். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த பல டரான்டுலாக்களைப் போலவே ஹமோரியின் வயிற்றிலும் அரிப்பு மயிர்கள் உண்டு. உரித்த சட்டையிலும் அவை அப்படியே இருக்கும். தோலில் பட்டால் சில நாள் அரிப்போடு போகும். கண்ணில் புகுந்தால் விழிவெண்படலத்தில் குத்தி நின்று, மருத்துவரிடம் கொண்டு சேர்த்துவிடும். உருப்பெருக்கியின் வழியே முகத்தை அருகில் கொண்டுசென்று பார்க்கப்போகிறோம் என்பதால், சட்டையை உலர்ந்த நிலையில் கையாளாமல், நனைத்த பிறகே விரிப்பது இதற்காகவும் நல்லது. ஊதிப் பார்ப்பதும் மின்விசிறிக்கு அடியில் அமர்ந்து பார்ப்பதும் கூடாது.

மூன்றாம் படி: ஊறவைத்தல்

கடினமான தலைமார்பும் கால்களும் காய்ந்த பிறகும் வடிவம் மாறாமல் நிற்கும். வயிற்றின் தோலோ வெங்காயச் சருகைப் போல மெல்லியது. காய்ந்ததும் சுருங்கி, தலைமார்பின் பின்னால் ஒட்டிய ஒரு சிறு கசங்கலாகிவிடும். அதைக் காய்ந்த நிலையில் பிரிக்க முயன்றால் தூளாகும்.

ஒரு தட்டையான கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரே ஒரு துளி விட்டு, அதில் சட்டையை மூழ்க வைக்க வேண்டும். சோப்பு சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. சட்டையின் மெழுகுப்பூச்சு தண்ணீரை ஒட்டவிடாது. வெறும் நீரில் அது மிதந்துகொண்டே இருக்கும், மடிப்புகளுக்குள் காற்றுக்குமிழிகள் தங்கிவிடும். நீரின் பரப்பு இழுவிசையைச் சோப்பு குறைப்பதால் நீர் உள்ளே புகும். சோப்புக்குப் பதிலாக மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் பயன்படுத்தலாம். அன்றே எடுத்த சட்டைக்கு அரை மணி நேரம் போதும். பல மாதம் காய்ந்து கிடந்த சட்டையை ஓர் இரவு முழுவதும் ஊறவைத்தாலும் கெடாது.

நான்காம் படி: விரித்தல்

இந்த வேலையில் அவசரப்படுபவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்தப் படியில்தான். தேவையானவை ஒரு மெல்லிய ஓவியத் தூரிகை, இரண்டு பல்குச்சிகள் அல்லது மழுங்கிய ஊசிகள், ஒரு கண்ணாடித் துண்டு, நல்ல வெளிச்சம், 10 மடங்கு உருப்பெருக்கி. கைப்பேசியில் மாட்டும் மேக்ரோ வில்லையும் கணினியுடன் இணைக்கும் சிறு நுண்ணோக்கியும் இப்போது எளிதில் கிடைக்கின்றன. மிகச் சிறிய சட்டைகளுக்கு 20 முதல் 40 மடங்கு உருப்பெருக்கம் வேண்டும்.

சட்டையை நீரோடு சேர்த்துக் கண்ணாடியின் மேல் இட்டு, முதலில் திசையை அறிந்துகொள்ள வேண்டும். கால்களும், மூடி போலத் திறந்து நிற்கும் முதுகோடும் (தலைமார்பின் மேலுள்ள கடின ஓடு) இருப்பது முன்பக்கம். கசங்கிய வயிற்றுத் தோலின் கடைசியில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் நூற்பு உறுப்புகள் இருப்பது பின்பக்கம். கால் பகுதி எப்போதும் மேலே இருக்கும்படி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால், பின்னர் குழப்பம் வராது. அதன்பின் வயிற்றுத் தோலைத் தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சிறிது சிறிதாக விலக்க வேண்டும். இழுக்கக் கூடாது. பிடிவாதமாக ஒட்டிக்கிடந்தால் மீண்டும் ஒரு துளி நீர் விட்டுக் காத்திருப்பதே சரி.

உட்புறமும் வெளிப்புறமும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது அடுத்த வேலை. வெளிப்புறத்தில் மயிர்கள் அடர்ந்திருக்கும். உட்புறம் வழவழப்பாகப் பளபளக்கும். நாம் பார்க்க வேண்டியது உட்புறத்தை. சரியான பக்கம் மேலே இருந்தால் நான்கு வெண்ணிறத் திட்டுகள் இரண்டு இணைகளாகத் தெரியும். அவைதான் புத்தக நுரையீரல்களின் உறைகள். உட்புறத்திலிருந்து பார்க்கும்போது அவை மெல்லிய ஏடுகளின் கட்டாக, தரையிலிருந்து எழும்பியிருக்கும். இந்த நான்கும் கண்ணில் பட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஐந்தாம் படி: விடையைப் படித்தல்

கால்களுக்கு அருகில் இருக்கும் முன் இணைத் திட்டுகளை மட்டும் கவனிக்க வேண்டும். பின் இணைக்கும் பாலினத்துக்கும் தொடர்பில்லை. முன் இணையின் இரு திட்டுகளையும் சேர்த்துக் குறுக்காக ஒரு மடிப்புக் கோடு ஓடும். அதுவே இனப்பெருக்கத் துளை திறக்கும் குறுக்குப் பிளவு. அந்தக் கோட்டின் நடுப்பகுதிதான் நாம் தேடும் இடம்.

பெண்ணாக இருந்தால், அந்த இடத்தில் தோலின் தளத்திலிருந்து எழும்பி நிற்கும் ஒரு மடல் தெரியும். ஊசி முனையால் மெதுவாக நெம்பினால் அதன் ஒரு விளிம்பு மட்டும் தோலோடு ஒட்டியிருப்பதும், மறு விளிம்பு தளர்ந்து அசைவதும் புலப்படும். வளர்ந்த ஹமோரிப் பெண்ணில் இது செம்பழுப்பு நிறத்தில் தடித்த தகடாக, வெறுங்கண்ணுக்கே தெரியும். 5 செ.மீ. குஞ்சில் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது. வெளிறிய, தாழ்ந்த, அகலமான ஒரு மடிப்பு மட்டுமே இருக்கும். அதன் மேல் விளிம்பு சற்றே தடித்துக் காணப்படலாம். ஒவ்வோர் உரிப்பிலும் அது உயர்ந்து, தடித்து, கறுத்துக்கொண்டே போகும். கருப்பைக் குழாயின் வெளிப்பகுதி மெல்லிய சவ்வாக அதன் மேல் படிந்து மறைப்பதும் உண்டு. அதைப் பல்குச்சியால் ஒதுக்கினால்தான் கொள்பை தெரியவரும்.

ஆணாக இருந்தால் அங்கே மடிப்புக் கோட்டைத் தவிர வேறெதுவும் இராது. சில ஆண்களில் அதே இடத்தில் மிகச் சிறிய துணை உறுப்புகளின் மேடு ஒன்றோ இரண்டோ காணப்படும். பெண் என்று தவறாக முடிவு செய்யப்படும் ஆண்களில் பல இந்த மேடுகளால் அவ்வாறு கணிக்கப்பட்டவை. மேட்டை நெம்பிப் பார்த்தால் அது தோலோடு ஒட்டியே இருக்கும். மடலைப் போல விளிம்பு பிரிந்து அசையாது. சந்தேகம் வந்தால் பார்வையை நம்பாமல் ஊசியை நம்ப வேண்டும்.

ஒளியை மாற்றி மாற்றிப் பார்ப்பது மிகவும் உதவும். முதலில் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழட்டும். எழும்பியிருக்கும் மடலின் நிழல் அதன் இருப்பைக் காட்டிக்கொடுக்கும். பிறகு கண்ணாடிக்கு அடியிலிருந்து, கைப்பேசித் திரையை வெண்மையாக்கி வைத்தேனும், ஒளி ஊடுருவுமாறு பார்த்தால் இரட்டைத் தடிப்புள்ள பகுதி கறுத்துத் தெரியும்.

ஏமாற்றும் தோற்றங்கள்

காற்றுக்குமிழி முதல் எதிரி. ஒரு சிறு குமிழி சரியாக நடுவில் அமர்ந்துவிட்டால், மடல் இருப்பது போலவே தோன்றும். தூரிகையால் தொட்டால் நகர்ந்துவிடும். இரண்டாவது, தோலின் தற்செயல் மடிப்பு. தோலைச் சற்றே இழுத்துத் தளர்த்தினால் மடிப்பு மறையும் அல்லது இடம் மாறும். உண்மையான மடல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே வடிவில் திரும்ப எழும். மூன்றாவது, கிழிசல். முன் இணைத் திட்டுகளுக்கு நடுவே தோல் கிழிந்திருந்தால் அந்தச் சட்டையிலிருந்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. கொள்பை கிழிந்து போயிருக்கலாம் என்பதால் "ஒன்றும் இல்லை, ஆகவே ஆண்" என்று எழுதி வைப்பது தவறு. சட்டை பல துண்டுகளாகக் கிடைத்தாலும், முன் இணைத் திட்டுகள் இரண்டும் ஒரே துண்டில் முழுமையாக இருந்தால் அது போதும்.

பெண் என்ற முடிவு, காணப்பட்ட ஒரு பொருளைச் சார்ந்தது. ஆண் என்ற முடிவு, காணப்படாமையைச் சார்ந்தது. இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்க முடியாது. சிறிய சட்டையில் கொள்பை தெரியாவிட்டால், "ஆணாக இருக்கலாம்" என்று குறித்துக்கொண்டு அடுத்த உரிப்பு வரை காத்திருக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு நல்ல சட்டைகளில், அதுவும் கால் விரிவு 6 செ.மீ.க்கு மேற்பட்ட உடலுக்கு உரியவற்றில், எதுவும் இல்லையென்றால் தயக்கமின்றி ஆண் எனலாம்.

இனத்துக்கு இனம் மாறும் வடிவம்

எல்லா டரான்டுலாக்களுக்கும் கொள்பை ஒரே வடிவில் இராது. தன் இனத்தில் அது எப்படி இருக்கும் என்று முன்பே தெரிந்துகொள்ளாமல் தேடுபவர் கண்முன் இருப்பதையே தவறவிடுவார். பிராக்கிபெல்மா பேரினத்தில் இரு மடல்களும் இணைந்து ஒரே அகன்ற தகடாக இருக்கும். பெரும் உடல் கொண்ட தெராபோசா பிளாண்டியிலும் அது ஒரே அகன்ற அமைப்புதான். கிராமோஸ்டோலாவில் இரண்டு தனித்தனி மொட்டுகளாகவும், மரங்களில் வாழும் அவிகுலேரியாவில் இரண்டு நீண்ட வளைந்த காம்புகளாகவும் இருக்கும். வகைப்பாட்டு அறிஞர்களும் இந்த வடிவத்தையே பெரிதும் நம்புகின்றனர். வணிகத்தில் நெடுங்காலம் பிராக்கிபெல்மா ஸ்மிதி என்ற பெயரில் புழங்கிய சிலந்திகளில் பெரும்பாலானவை ஹமோரியே என்பதை 2017-இல் வெளியான திருத்த ஆய்வு தெளிவுபடுத்தியது. அவ்விரு இனங்களையும் பிரித்தறிய உதவிய பண்புகளில் பெண்ணின் கொள்பை வடிவமும் ஒன்று.

விதிவிலக்குகளும் உண்டு. பிரேசிலின் சிக்கியஸ் லாங்கிபல்பி, தான்சானியாவின் என்சையோகிராட்டெல்லா ஒலிவேசியா ஆகிய இரண்டு இனங்களில் முதிர்ந்த பெண்ணுக்கும் விந்து கொள்பை கிடையாது. வளர்ப்பில் சிக்கியஸ் அரிதே. என்சையோகிராட்டெல்லாவை வைத்திருப்பவர் மட்டும் இந்த வழிகாட்டியின் ஐந்தாம் படியைப் பின்பற்றினால் தன் பெண்களை எல்லாம் ஆண் என்றே குறித்து வைப்பார்.

நம் மண்ணின் டரான்டுலாக்களான பொயசிலோதீரியா பேரினம் இந்தியக் காடுகளிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழ்கிறது. இராமேஸ்வரம் தீவிலிருந்து 2004-இல் விவரிக்கப்பட்ட அனுமாவிலாசுமிகா இனமும் இதில் அடங்கும். இவற்றில் வளரும் பருவத்து ஆண்களின் வண்ணம் மங்கலாகவும் பெண்களின் கோலம் அழுத்தமாகவும் இருக்கும் இனங்கள் உள்ளதால், சட்டை இல்லாமலே ஓரளவு ஊகிப்பவர்கள் உண்டு. ஆனால் இவற்றின் கடி கடுமையான தசைப்பிடிப்பை உண்டாக்கக்கூடியது. வேகமும் மிக அதிகம். பாலினம் அறிவதற்காக இவற்றை நெருங்கிக் கையாள்வது வேண்டாத வேலை. 2019 முதல் இப்பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. பிராக்கிபெல்மா அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சேர்க்கப்பட்டது. 2022-இல் திருத்தப்பட்ட இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவ்வொப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்குகளை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது என்பதால், பாலினக் கேள்விக்கு முன்பே இந்தியாவில் வளர்ப்போர் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

சட்டை கிடைக்காதபோது: அடிவயிற்றைப் பார்த்தல்

சட்டை உருண்டையாகிச் சிதைந்துவிட்டால், அல்லது அடுத்த உரிப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தால், உயிருள்ள சிலந்தியின் அடிப்பக்கத்தைப் பார்த்து ஊகிக்கலாம். சிலந்தியைக் கையில் எடுக்கவோ கவிழ்க்கவோ கூடாது. சிறிது உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு வெடித்து இறந்துவிடும் விலங்கு இது. தானாகக் கூண்டின் கண்ணாடியில் ஏறி நிற்கும் நேரத்தில் படம் எடுப்பதே நல்ல வழி. அது ஏறாத சிலந்தியாக இருந்தால், ஒளிபுகும் தட்டையான பெட்டியில் நடந்து புக விட்டு, பெட்டியைக் கண் மட்டத்துக்கு மேல் மேசைக்கு அருகிலேயே பிடித்துக் கீழிருந்து பார்க்கலாம்.

பார்க்க வேண்டிய இடம் இங்கும் அதுவே: முன் இணைப் புத்தக நுரையீரல்களுக்கு நடுவில், குறுக்குப் பிளவுக்குச் சற்று மேலே. ஆணில் அந்த இடத்தில் எபியாண்ட்ரஸ் எனப்படும் நுண்ணிய நூற்புக் குழல்கள் இருக்கும். முதிர்ந்த ஆண் விந்தை இடுவதற்கென ஒரு தனி வலை பின்னும். அதற்குரிய மெல்லிய நூலைத் தருபவை இக்குழல்களே. இளமையிலேயே அவை ஒரு சிறு அரைவட்டமாக அல்லது முக்கோணமாக, சுற்றியுள்ள மயிர்களிலிருந்து நிறத்திலோ அடர்த்தியிலோ வேறுபட்டுத் தெரியும். பெண்ணில் அத்தகைய திட்டு இராது. மயிர்கள் ஒரே சீராகப் படிந்திருக்கும், பிளவின் உதடு தடித்து உப்பியிருக்கும்.

ஹமோரியிலும், அதற்கு நெருங்கிய உறவுடைய சுருள்மயிர் டரான்டுலாவிலும், 5 செ.மீ.க்கு மேல் இம்முறை பழகியவர்களுக்குப் பெரும்பாலும் சரியான விடை தரும். உடல் முழுதும் கறுத்த கிராமோஸ்டோலா புல்க்ராவில் கறுப்பின் மேல் கறுப்பைத் தேட வேண்டியிருப்பதால் வெளிச்சம் சரியாக அமையாவிட்டால் எதுவும் தெரியாது. எந்த இனமானாலும், இம்முறையில் கிடைத்த விடையைச் சட்டை கிடைக்கும் வரை தற்காலிக விடையாகவே வைத்திருக்க வேண்டும்.

வளர்ச்சி வேகம், வயிற்றின் பருமன், கால்களின் நீளம், குணம் ஆகியவற்றைக் கொண்டு சொல்லப்படும் ஊகங்களுக்கு இளம் பருவத்தில் மதிப்பில்லை. வயிற்றின் பருமன் போன வாரம் கிடைத்த உணவைத்தான் காட்டுகிறது.

பிறரிடம் காட்டுவதும் பதிவு செய்வதும்

முடிவு தெளிவாக இல்லாதபோது அனுபவமுள்ளவர்களிடம் படத்தைக் காட்டுவது வழக்கம். பயனுள்ள விடை வேண்டுமானால் இரண்டு படங்கள் தேவை. ஒன்றில் நான்கு நுரையீரல் திட்டுகளும், கால் பகுதி மேலே இருக்கும்படி, ஓர் அளவுகோலுடன் தெரிய வேண்டும். மற்றொன்று முன் இணையின் நடுப்பகுதியை மட்டும் நெருக்கத்தில் காட்ட வேண்டும். இனத்தின் பெயரும் உரிப்புக்கு முந்தைய கால் விரிவும் குறிப்பிடப்படாத படத்துக்கு யார் சொல்லும் விடையும் ஊகமே.

பார்த்து முடித்த வயிற்றுத் தோலை விரித்த நிலையிலேயே வடிதாளில் வைத்து, மேலே இன்னொரு தாளும் சிறு பாரமும் வைத்து உலர்த்தினால், பல ஆண்டுகள் கெடாது. வேண்டும்போது மீண்டும் நனைத்துப் பார்க்கலாம். உறையில் இனம், உரித்த தேதி, முதுகோட்டின் நீளம் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். கால் விரிவைச் சுருங்கிய சட்டையில் அளப்பது கடினம். கடினமான முதுகோடு சுருங்காது என்பதால் அடுத்த உரிப்போடு ஒப்பிட அதுவே நம்பகமான அளவு.

ஆணின் கடைசி உரிப்பு

ஆண் என்ற முடிவுக்கு இறுதிச் சான்று கடைசி உரிப்பில் தானாகவே வரும். அப்போது வாயின் இருபுறமும் உள்ள பெடிபால்ப் எனும் குறுங்கால்களின் நுனியில் குமிழ் போன்ற விந்து செலுத்தும் உறுப்புகள் தோன்றும்; உடல் மெலிந்து கால்கள் நீண்டிருக்கும்; ஹமோரி உள்ளிட்ட பல இனங்களில் முதல் இணைக் கால்களின் அடியில், இணைசேரும்போது பெண்ணின் நச்சுப் பற்களைத் தடுத்துப் பிடிப்பதற்கான கொக்கிகளும் முளைத்திருக்கும். தெராபோசா பிளாண்டியிலும் பொயசிலோதீரியாவிலும் முதிர்ந்த ஆணுக்கும் கொக்கிகள் கிடையாது; அங்கே பெடிபால்ப் நுனியை மட்டுமே பார்க்க வேண்டும். இந்த மாற்றங்கள் புதிய உடலில்தான் தெரியும், உரித்துப் போட்ட சட்டையில் இரா. இந்நிலையை அடைந்த ஆண் அரிதாக இன்னொரு முறை உரிக்க முயலும். அந்தக் குமிழ்கள் பழைய சட்டைக்குள் சிக்கிக்கொள்வதால் பெரும்பாலும் அதிலேயே இறந்துவிடும்.